நம்பினால் மட்டும் போதுமா?

புதுக்கோட்டைச் சீமையிலே, சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், பாறையில் செதுக்கிய 17 கற்படுக்கைகள் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய தமிழ் எழுத்து அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கு நோற்றவர்கள் சமணர். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் சேர்ந்தால்தான் வீடுபேறு என்பது அவர்தம் கொள்கை. உடலை ஒறுக்கும் நோன்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும், வினை செய்தவனே அதன் பயனுக்குப் பொறுப்பு, எவருடைய அருளும் அதைத் துடைத்துவிடாது என்ற அவர்தம் துணிவு பெரிது!

இதற்கு எதிர்முனையில் நிற்பது செர்மானியத் துறவி மார்ட்டின் லூதரின் கோட்பாடு. மனிதன் நீதிமானாவது விசுவாசத்தால் மட்டுமே என்றார் அவர். 1522-இல் வெளியிட்ட தம் மொழிபெயர்ப்பில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்னும் சொல்லைச் சேர்த்தார். பொருள் அதுவே என்று வாதாடினார்.

வசைபாடி ஒதுக்கத்தக்க கோட்பாடன்று இது. பாவமன்னிப்புச் சீட்டு வாணிபத்தை 1517-இல் எதிர்த்தெழுந்தவர் லூதர். அருள் விலைக்குக் கிடைக்காது என்றால் தரகனுக்கு அங்கே வேலை ஏது? நற்செயல் வேண்டாமென்றும் அவர் கூறினாரில்லை. நல்ல மரம் கனி தருவதுபோல், விசுவாசம் நற்செயலைத் தரும் என்றார்.

அந்தக் கனியைத் தமிழ்நாட்டிலே தேடுவோம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு இக்கோட்பாட்டைத் தமிழில் போதித்தார். எல்லோரும் பாவிகளே, பிறப்பால் எவருக்கும் சிறப்பில்லை என்றால், மேல்சாதி ஏது, கீழ்ச்சாதி ஏது? ஆயினும் திருச்சபைக்குள்ளே சாதி நுழைந்தது. ஒரே கூரையின்கீழ் தனித்தனி இடம் பிடித்து அமர்ந்தது! 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதியை விலக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலே எதிர்ப்பு மூண்டது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தோர் வரிசையில் நின்றார். அவருக்கு விசுவாசத்திலா குறை? ஊர் போற்றிய விசுவாசி அவர்! விசுவாசம் நிறைந்த நெஞ்சிலும் சாதிக்கு இடம் இருந்தது என்பதே வரலாறு புகட்டும் பாடம்.

நெஞ்சின் நம்பிக்கையை அளக்கக் கோல் இல்லை. பக்கத்தில் அமரவிட்டானா, விலக்கிவைத்தானா என்பதை ஊரே காணும்.

தோழர்களே, சாதியொழிப்பை நம்புகிறேன் என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டிலே சாதி பார்த்து மணம் முடிப்பவருக்கும் இதே அளவுகோல்தான். கடவுள் முன் நீதிமான் எனப் பெயரெடுக்க விசுவாசம் போதுமென்பார் சொல்லிக்கொள்ளட்டும். ஒதுக்கப்பட்டவன் முன் அப்பெயரைப் பெறச் செயல் ஒன்றே வழி!