பத்மினியில் வேலைக்குப் போகலாமா?

பிரீமியர் பத்மினியும் அம்பாசடரும் இன்று பெரும்பாலும் கண்காட்சிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும்தான் வெளியே வருகின்றன. ஆனாலும் சென்னையிலும் கோவையிலும் சிலர் அவற்றில் தினமும் வேலைக்குப் போய்வருகிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாக வலுவான காரணங்கள் உண்டு. தட்டிக்கழிக்க முடியாத குறைகளும் உண்டு.

முதல் நியாயம் இயந்திரத்தின் நலன். நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிதான் சீக்கிரம் கெடும். கார்பரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் படிந்து ஜெட் அடைத்துக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்ச, வீல் சிலிண்டருக்குள் துரு ஏறி பிஸ்டன் இறுகும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு வண்டியின் சத்தம் அத்துபடி. புதிதாக ஒரு கடகடப்பு கேட்டால், அது செலவாக வளர்வதற்குள் பட்டறைக்குப் போய்விடுவார்.

இரண்டாவது, பழுது பார்க்கும் எளிமை. பத்மினியின் 1,089 சி.சி. இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்ஜின் விட்டு விட்டு அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட்டின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியைச் சரிசெய்தாலே பல நேரம் போதும். அம்பாசடர் 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை ஏறக்குறைய ஒரே உருவத்தில் தயாரானது. அதனால் சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தால் அதற்குப் பாகம் கிடைக்கிறது. கிடைக்காததைக் கோவை லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்படும் சுற்றுச்சூழல் நியாயம் பாதிதான் நிற்கிறது. புதுக் கார் ஒன்றைத் தயாரிக்க ஆகும் இரும்பும் மின்சாரமும் மிச்சம் என்பது உண்மை. ஆனால் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கட்டாயமானதே 1995-இல்தான். அதற்கு முந்தைய வண்டி சிக்னலில் நிற்கும்போது கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் அப்படியே வெளியே வருகின்றன. பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்பவர்தான் அதைச் சுவாசிக்கிறார். ஓடும் தூரம் குறைவாகவும் கார்பரேட்டர் ட்யூனிங் ஒழுங்காகவும் இருந்தால்தான் இந்த நியாயத்துக்கு மதிப்பு.

எரிபொருளும் சிக்கல்தான். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களும் பம்ப் டயஃப்ரமும் செய்யப்படவில்லை. அவை ஊறி இளகும், பெட்ரோல் கசியும். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது தீ விபத்துக்கு வழி. சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்ந்தால் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் ஏ.சி. பம்ப் மீது ஈரத்துணியைச் சுற்றி, ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவசரமாகப் போக வேண்டிய நாளில் இதை நம்ப முடியாது.

எல்லாவற்றையும்விடக் கனமான குறை பாதுகாப்பு. “பழைய தகடு கெட்டி, இடித்தால் எதிர் வண்டிதான் நசுங்கும்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது ஆபத்தான நம்பிக்கை. நவீன காரின் முன்பகுதி நசுங்கி, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்காத தகடு அந்த அடியை உள்ளே இருப்பவரின் மார்புக்கும் கழுத்துக்கும் கடத்திவிடும். பழைய வண்டியின் ஸ்டீயரிங் தண்டும் மோதலில் மடங்கிக் கொடுக்காது. ஏர்பேக் இல்லை. ஆரம்ப கால வண்டிகளில் சீட் பெல்ட்டே இல்லை. பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். முன்னால் போகும் புதுக் கார் சட்டென்று நிற்கும், பின்னால் வரும் அம்பாசடர் அந்தத் தூரத்தில் நிற்காது.

சட்டமும் முரண்பட்டு நிற்கிறது. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, ஐம்பது வயது கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனியே பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்ததை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. தினமும் ஓட்ட விரும்புகிறவர் வழக்கமான பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். ஓடாமல் நிற்பதையே பாதுகாப்பு என்று நினைக்கும் விதி இயந்திரத்தின் இயல்புக்கே எதிரானது. புகையையும் பிரேக்கையும் ஆண்டுதோறும் கடுமையாகச் சோதித்து, தேறிய வண்டியை ஓட விடுவதே நியாயம்.

ஆகவே பழைய கார் தினசரி வண்டியாக இருக்கலாம், வீட்டின் ஒரே வண்டியாக இருக்கக் கூடாது. நகருக்குள் குறைந்த தூரம், மிதமான வேகம், மாற்றிய பெட்ரோல் ஹோஸ், முறையாகப் பொருத்திய சீட் பெல்ட், காலத்துக்குக் காலம் புதுப்பித்த பிரேக் ஆகியவற்றில் சமரசம் கூடாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாற்கரச் சாலையில் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்த வரம்புக்குள் நான் இந்தப் பழக்கத்தை முழு மனதோடு ஆதரிக்கிறேன். காதால் கேட்டே கார்பரேட்டரைச் சரிசெய்யும் மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சிக்குப் போகும் காரை நம்பி எந்தப் பட்டறையும் நடக்காது, எந்தப் பையனும் தொழில் கற்க வர மாட்டான். தினமும் ஓடித் தேய்ந்து, மாதாமாதம் வேலைக்கு வரும் வண்டிகள்தான் அந்தத் தொழிலுக்குச் சோறு போடுகின்றன.