தராசு யார் கையில்? – தேயிலைத் தோட்டமும் தொழினுட்ப நம்பிக்கையும்: ஒரு விமர்சன நோக்கு

தொழினுட்பம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும். புவி வெப்பமடைவதால் விளையும் கேடுகளையும் அதுவே தீர்க்கும் என்னும் நம்பிக்கை இன்று அரசுகளாலும் கம்பனிகளாலும் உலக நிறுவனங்களாலும் ஒருமுகமாக எடுத்துரைக்கப்படுகின்றது. இந்நம்பிக்கையை முற்றாக ஏற்போரும் முற்றாக மறுப்போரும் ஒரே தவறைச் செய்கின்றனர் என்பது எமது கருத்தாகும். இருசாராரும் கருவியைத் தனியே பிரித்தெடுத்து நோக்குகின்றனர். அக்கருவி எத்தகைய உடைமை உறவுகளுக்குள்ளே இயங்குகின்றது என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. நிலமும் வீடும் கணக்கும் எவர் கையில் உள்ளனவோ, அவர் பக்கமே புதிய கருவியின் பயனும் சாய்கின்றது. இதனைப் பொதுப்படக் கூறிச் செல்வதிலும் பார்க்க, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியை முன்வைத்து ஆராய்வதே பொருத்தமாகும். நாம் எடுத்துக்கொள்வது பொகவந்தலாவை.

1. ஆறும் விளக்கும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கினூடாகப் பாயும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சென்றடைகின்றது. இம்மலைகளின் ஆறுகளைக் கொண்டு மின்வலுவைப் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துக்காட்டினார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ நீரைக் கொண்டு அவர் பெயரிலேயே ஒரு மின்நிலையம் அமைந்தது. பொல்பிட்டிய, புதிய லக்சபான, கன்யன் ஆகியன அடுத்தடுத்து எழுந்தன. எண்ணெயும் நிலக்கரியும் எரிக்காத இம்மின்வலு, இன்றைய மொழியிற் கூறுவதாயின், காலநிலைக்கு உகந்த தொழினுட்பமாகும். நாட்டின் நகரங்களும் தொழிற்சாலைகளும் அதனாற் பெரும்பயன் பெற்றன.

ஆயினும் அந்நீர் புறப்படும் மலைகளின் லயன் அறைகள் பலவற்றிற் பல பத்தாண்டுகளாகக் குப்பி விளக்கே எரிந்தது. இதற்குக் காரணம் தொழினுட்பக் குறைபாடன்று. லயம் தோட்டத்தின் சொத்து. அதில் வாழ்ந்தவர் வீட்டுக்காரருமல்லர், வாடகைக்காரருமல்லர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவர்களிற் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். வாக்கும் வீட்டுறுதியும் இல்லாதவருக்காக மின்கம்பம் நாட்டும் அவசரம் ஆட்சியாளருக்கு இருக்கவில்லை.

2. இயந்திரம் நின்ற இடம்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 முதற் கோப்பியை அழித்த இலைநோய், தேயிலை மலைநாடெங்கும் பரவ வழிவகுத்தது. கொழுந்தை வாட்டுதல், அரைத்தல், உலர்த்துதல் ஆகிய பணிகளுக்கு இயந்திரங்கள் வந்தன. ஆயின் இயந்திரம் தொழிற்சாலையின் வாசலிலேயே நின்றுவிட்டது. மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வேலைமுறை நூறாண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் மாறவில்லை.

சரிவான நிலமும் இரண்டிலை ஒரு குருத்தெனத் தெரிந்து பறிக்கும் தேவையும் இதற்கு ஓரளவு காரணங்களே. எனினும் பொருளாதாரக் காரணம் ஒன்றும் உண்டு. லூல்கந்துரவில் தேயிலை வேரூன்றிய அதே 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலே, கூலி மிக மலிவாயின் அங்கு இயந்திரம் புகுவதில்லை என்பதற்கு எடுத்துக்காட்டாக, இங்கிலாந்திற் கால்வாய்ப் படகுகளை இழுக்கப் பெண்கள் அமர்த்தப்பட்டதை மார்க்ஸ் சுட்டினார். மலையகத்தில் நிகழ்ந்ததும் இதுவே. மலிவான உழைப்பு கிடைத்தவரை கருவி தேவைப்படவில்லை. தொழிலாளர் வேறு தொழில்களை நாடி வெளியேறத் தொடங்கிய பின்னரே கொழுந்து வெட்டும் கத்திரியும் இயந்திரமும் பேசுபொருளாயின. ஆகவே, எத்தொழினுட்பம் எப்போது வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தது தொழிலாளியின் உடல்வலியன்று. தோட்டத்தின் செலவுக் கணக்கேயாகும்.

3. ஒரே செடி, இரு பயன்கள்

1925இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உயர்விளைச்சல் தரும் பதியமுறைச் செடிகளை உருவாக்கி அளித்தமை இந்நாட்டு விஞ்ஞானத்தின் சாதனைகளுள் ஒன்று. இச்செடிகள் இருவகை நிலங்களிற் சென்று வேரூன்றின. இரத்தினபுரி, காலி, மாத்தறை முதலிய மாவட்டங்களில் அவை சிறுநில உடைமையாளரின் கைக்குச் சென்றன. அவர்களுக்கு நிலம் இருந்தது, மானியம் கிடைத்தது, கொழுந்தின் விலை அவர்களுடைய வருமானமாயிற்று. இன்று நாட்டின் தேயிலை உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்களுடையதே.

அதே செடி கொட்டியாகலை, கெம்பியன் போன்ற பொகவந்தலாவைத் தோட்டங்களின் மலைகளிலும் நடப்பட்டது. இங்கு நட்டவளுக்கு நிலமில்லை. விளைச்சல் பெருகியபோது அவளுக்குப் பெருகியது பெரும்பாலும் பறிக்கவேண்டிய நிறையே. விஞ்ஞானம் ஒன்றே, செடியும் ஒன்றே, பயன் மட்டும் உடைமையின் வழியே பிரிந்தது. தொழினுட்பம் ஏற்றத்தாழ்வைத் தீர்க்குமா என்னும் வினாவுக்கு இந்நாட்டிலேயே கிடைக்கும் மிகத் தெளிவான சான்று இது எனலாம்.

4. அரைப் பேரும் காலநிலையும்

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். தோட்டத்துத் தராசு அவ்வுவமைக்கு எளிதில் அடங்குவதில்லை. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதை கொழுந்தின் நிறையையே தன் மையமாகக் கொண்டமை தற்செயலன்று. மலையகப் பெண்ணின் கூலியும் மானமும் ஒருங்கே நிறுக்கப்படும் இடம் அதுவே.

பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 அல்லது 20 கிலோ பறித்தாலே முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஈரத்துக்கும் சாக்குக்குமெனச் சில கிலோ கழிக்கப்படும். அண்மை ஆண்டுகளில் மின்னணுத் தராசுகள் வந்துள்ளன. எழுத்துப் பிழையும் ஓரவஞ்சனையும் அவற்றாற் குறையலாம், அது நன்மையே. ஆயின் எத்தனை கிலோ கழிப்பது, எத்தனை கிலோவுக்கு முழுப் பேர் என்பவற்றைத் தராசு தீர்மானிப்பதில்லை.

காலநிலை மாற்றம் தொழிலாளியின் குடும்பத்தினுள் நுழையும் வாசலும் இதுவே. தை முதற் பங்குனி வரையான வறட்சி நீண்டால் செடி கொழுந்து விடாது; பெருமழை தொடர்ந்தால் மலையில் நிற்க இயலாது. இரு நிலையிலும் நிறை குறையும். அரைப் பேர் விழும். வானத்தின் நட்டம் இவ்வாறு கூலியின் நட்டமாக மாற்றப்படுகின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. சூழலின் பெயரால் மேலிருந்து எடுக்கப்பட்ட அம்முடிவு அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கைவிடப்பட்டது. அதன் விளைவும் தொடர்ந்துவந்த பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தியை 2022இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவாகக் குறைத்தன. செடி வாடிய மலையிலும் பறிக்கவேண்டிய நிறை என்னும் அளவுகோல் நின்றது. நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டமை பெரும் போராட்டங்களின் பயன். எனினும் அரைப் பேர் என்னும் முறை இருக்கும்வரை அறிவிக்கப்படும் கூலி வேறு, கைக்கு வரும் கூலி வேறு.

5. மீரியபெத்த புகட்டும் பாடம்

தொழினுட்ப அறிவு இருந்தும் உயிர் காக்கப்படாமைக்கு மலையகத்தின் மற்றொரு பகுதியான ஊவாவிலிருந்து ஒரு சான்றைக் காட்டுதல் தகும். கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்நிலம் ஆபத்தானது என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்திருந்தது. ஆயின், இவ்விடத்தை விட்டுப் போ எனக் கூறிய எச்சரிக்கை, எங்கே போவது என்னும் வினாவுக்கு விடை கூறவில்லை. சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் இல்லாத குடும்பம் லயத்தை விட்டு எங்கே செல்லும்? தப்பியவர்களும் புதிய வீடுகளுக்காக ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் மத்திய மலைநாட்டிற் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் பலியானபோது இதே வினா மீண்டும் எழுந்தது.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரெனின் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றரெனின் வெளியேற்றம் என்னும் அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. இதற்கு வேண்டிய மழைமானி விலையுயர்ந்த கருவியன்று. ஒவ்வொரு லயத்திலும் ஒன்றை வைத்து அங்குள்ள இளைஞரே அளக்கப் பழகலாம். எளிய தொழினுட்பம் உயிர் காக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். ஆயினும் நள்ளிரவில் வெளியேறியவர் விடிந்தபின் திரும்பிவர வேண்டிய இடம் அதே லயமாயின், மழைமானியின் பயன் ஓரிரவுக்கே உரியது.

6. கணக்கில் வராதவை

பொகவந்தலாவையின் பெயரையே தாங்கிய தோட்டக் கம்பனி, தனது தேயிலை காலநிலைக்கு நன்மை பயப்பது என உலகச் சந்தையில் அறிவித்துள்ளது. காடும் மரமும் எரிபொருளும் அளக்கப்பட்டு எழுதப்பட்ட அக்கணக்கின் உண்மையை ஐயுறுவது எமது நோக்கமன்று. தோட்டங்கள் தம் காபன் கணக்கை எழுத முன்வருவது வரவேற்கத்தக்கதே. எமது வினா வேறு: அத்தகைய கணக்கு எவற்றை அளப்பதில்லை? கூரை ஒழுகும் லயத்தையும், வறட்சி மாதத்தின் அரைப் பேரையும் அளக்கும் நிரல் அதில் இல்லை. உலகின் வெப்பத்துக்கு மிகக் குறைவாகவே காரணமான மக்கள் அதன் சுமையை மிகுதியாகச் சுமக்கின்றனர் என்பதும் அதில் இடம்பெறுவதில்லை.

உற்பத்தித்திறன் உயராமற் கூலி உயராது என்பது கம்பனிகளின் வாதம். இதனைப் புறந்தள்ள இயலாது; உற்பத்திச் செலவு மிகுந்திருப்பது உண்மை. இதற்கு மாற்றாக, தேயிலைச் செடிகளைக் குடும்பங்களிடம் பகிர்ந்தளித்து வருமானத்தைப் பங்கிடும் முறையை அவை முன்வைக்கின்றன. நிலவுறுதியுடன் கூடியதாயின், இம்முறை தோட்டத் தொழிலாளியைச் சிறுநில உடைமையாளரின் நிலைக்கு அண்மையிற் கொண்டுசெல்லக்கூடும். உறுதியின்றிப் பராமரிப்பு மட்டும் கைமாறுமாயின், வறட்சியின் நட்டம் முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2015க்குப் பின் பேசப்பட்டுவரும் 7 பேர்ச் வீட்டுக்காணி தொடக்கமாகலாம், அது நிறைவாகாது.

ஆகவே, மலையகத்துக்கு வரும் ஒவ்வொரு புதிய கருவியின் முன்னும் மூன்று வினாக்களை வைக்குமாறு வேண்டுகின்றோம். அதன் அளவை வாசிப்பவர் யார்? அதனால் வரும் மிகுதி யாருக்கு? அது பிழைத்தால் நட்டம் யாருக்கு? தராசின் எண்ணும் கழிவின் எண்ணும் எழுதிய சீட்டுக் கொழுந்து பறிப்பவளின் கையில் அன்றன்றே கொடுக்கப்படட்டும். கழிவின் அளவு தொழிற்சங்கத்தின் உடன்பாட்டோடு முடிவாகட்டும். இயற்கையால் நிறை குறைந்த நாளுக்கும் முழுப் பேர் விழட்டும். லயத்துக்குப் பதிலாக ஆபத்தில்லாத நிலமும் அதற்குரிய உறுதியும் வழங்கப்படட்டும். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. இவை நிறைவேறிய மண்ணிலே புதிய கண்டுபிடிப்புகள் வந்து விழுமாயின், அவை ஏற்றத்தாழ்வையும் காலநிலையின் கேட்டையும் தணிக்கப் பெரிதும் துணைபுரியும் என்பதில் எமக்கு ஐயமில்லை.