இரண்டு மேசை, ஒரு மருத்துவர்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரையை எடுத்து லென்ஸ் வைத்து முடிப்பதற்குள், அடுத்த மேசையில் இன்னொருவர் கண் மரத்து, துணி போர்த்தித் தயாராகப் படுத்திருக்கிறார். மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பியதும் அடுத்த அறுவை தொடங்கிவிடுகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் இது.

வேகத்தை மட்டும் வியந்தால் விஷயம் பிடிபடாது. மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது எது, மற்றவர் பழகிச் செய்யக்கூடியது எது என்று பிரித்ததுதான் அரவிந்தின் சாதனை. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அறுவைக்குத் தயார்செய்வது எல்லாம் இரண்டாண்டு பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் கையில். 1992இல் அவர்களது சொந்த லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் வந்தபின் லென்ஸ் விலையும் மளமளவென்று இறங்கியது. கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் ஏழைகளுக்கும் பார்வை கிடைக்கிறது.

அவசரத்தில் கிருமி புகுந்துவிடாதா? நியாயமான பயம்தான். ஆனால் ஆறு லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான அவர்களது ஆய்வைப் பார்க்க வேண்டும். அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்தத் தொடங்கியபின், பத்தாயிரத்துக்கு ஏழாக இருந்த உட்கண் தொற்று இரண்டாகக் குறைந்தது. நிறையச் செய்வதால் கை பழகுகிறது, கணக்கு வைப்பதால் தவறும் தெரிகிறது.

என்னை உறுத்துவது வேறு. இவ்வளவு பாரத்தையும் தாங்கும் அந்தப் பெண்களுக்கு மேலே ஏறப் படிகள் எத்தனை? மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தித் தருபவர்களின் சம்பளமும் பதவியும் அந்த மிச்சத்துக்கு ஈடாக உயர வேண்டும். இந்த முறையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை.

இன்னொன்று, இந்த முறை எல்லா நோய்க்கும் அப்படியே பொருந்தாது. கண்புரை ஒரே அறுவையில் தீரும் நோய். சர்க்கரை நோய் அப்படியல்ல. என்ன சாப்பிடுகிறார், மாத்திரையை ஏன் நிறுத்தினார், கால் மரத்துப்போவதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பதே அங்கே வைத்தியம். அந்தப் பேச்சைச் சுருக்கினால் வரிசை நகரும், புண் ஆறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், எடை, பாதப் பரிசோதனை எல்லாவற்றையும் செவிலியரே முடித்து அனுப்பட்டும். அதில் மிஞ்சும் நிமிடங்களை இன்னும் பத்து டோக்கனுக்குக் கொடுக்காமல், எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கே கொடுக்க வேண்டும்.