புதுநன்மைக்கு லீவு

பாமாவின் 'கருக்கு' (1992) பற்றி இந்த முப்பது வருசத்தில் வந்த கட்டுரைகளை அடுக்கினால் ஆளுயரம் வரும். பெரும்பாலும் இரண்டு இடங்களைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற ஊர்ப் பெரியவர் ஒன்று. நாயக்கமார் வீட்டில் பாட்டிக்கு எட்ட நின்று உயரத்திலிருந்து பழையது கொட்டுவது மற்றொன்று. ரெண்டுமே முக்கியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிரதியில் இன்னொரு இடம் இருக்கிறது. அதை நம்மாட்கள் ஒரே தாண்டாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண், ஊரில் தம்பி தங்கச்சிக்குப் புதுநன்மை கொடுக்கிறார்கள், போய்வரவேண்டும் என்று அனுமதி கேட்கிறாள். கிடையாது என்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் கிடைக்கிறது. விடாமல் நின்று கேட்டால் வருகிற பதில் என்ன? உங்க சாதிசனத்துல புதுநன்மைக்கெல்லாம் அப்படியென்ன விசேசம் நடந்துவிடப்போகிறது என்கிற தோரணையில் ஒரு கேள்வி. அவள் சண்டை பிடித்துத்தான் ஊருக்குப் போகிறாள்.

இந்தக் கேள்வியை லேசாக விட்டுவிடக்கூடாது. லீவு இல்லை என்று மட்டும் அது சொல்லவில்லை. ஒனக்கு வீடு இருக்கலாம், குடும்பம் என்று ஒன்று கிடையாது என்கிறது. நாள் குறித்து, உறவைக் கூப்பிட்டு, புதுத்துணி எடுத்து, பிறகு வருசக்கணக்காக 'அன்னைக்கு என்னா கூட்டம், என்னா சாப்பாடு' என்று பேசிக்கொள்கிற யோக்கியதை மற்ற சாதிகளுக்கு உண்டு. உங்களுக்கு இருப்பது கூலியும் கடனும் சாவும்தான் என்கிறது. ஆதிக்க சாதி எங்களிடமிருந்து நிலத்தை எடுத்துக்கொண்டது பற்றி நிறைய எழுதிவிட்டோம். நல்லநாள் பெரியநாளை எடுத்துக்கொண்டது பற்றி எழுதியது கம்மி.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. தலித் எழுத்தை வாசிக்கிற நமது விமர்சனமும் அந்தக் கேள்வியைத்தானே வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருக்கிறது? தன்வரலாறு என்றால் வலி, காயம், கண்ணீர். அது எவ்வளவு இருக்கிறது என்று எடை போட்டு, அந்த அளவுக்கு உண்மை என்று சான்றிதழ் கொடுப்பது. கே.ஏ. குணசேகரன் தன் புத்தகத்துக்கு 'வடு' (2005) என்று பேர் வைத்தாலும் வைத்தார், வாசித்தவர்களெல்லாம் தழும்பை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் பாட்டுக்காரர். இளையான்குடியில் முஸ்லிம் வீடுகளில் சாதி பார்க்காமல் பழகியதை அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 'கருக்கு' அடியிலிருந்தா தொடங்குகிறது? ஊரைச் சுற்றி இருக்கிற மலைகளைப் பேர் சொல்லிக் காட்டித்தான் தொடங்குகிறது. அப்புறம் தெருவில் யார் யாருக்கு என்னென்ன பட்டப்பேரு, அது ஏன் வந்தது என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. எங்க ஊரு என்கிற பெருமிதம் முதலில் வருகிறது, சாதி அதற்குள் வந்து குத்துகிறது. இந்த வரிசையை மாற்றி வாசிப்பது பிரதிக்குச் செய்கிற துரோகம்.

கொஞ்சம் பின்னால் போவோம். இரட்டைமலை சீனிவாசன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' எழுதியது 1939இல். தமிழில் தலித் ஒருவர் எழுதிய தன்வரலாறுகளில் முந்தியது என்று அதைச் சொல்கிறார்கள். கோயமுத்தூரில் படித்த காலத்தை அதில் நினைவுகூர்கிறார். கூடப் படித்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது நெருங்கிப் பழகினால் வீடு எது, சாதி எது என்று தெரிந்துவிடுமே என்று பயந்து விளையாடக்கூடச் சேராமல் ஒதுங்கி இருந்திருக்கிறார். மணியடித்த பிறகு வகுப்புக்குள் போவது. யோசித்துப் பாருங்கள். குடும்பத்தை மறைத்தால்தான் படிக்கமுடியும் என்று ஆன பையன், பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்குப் போய், பட்டங்கள் வாங்கி, எழுபதுக்கு மேலே வயதாகி உட்கார்ந்து எழுதும்போது சபைகளும் விண்ணப்பங்களும் நிறைய வருகின்றன, வீடு கொஞ்சமாக வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது பொதுவாழ்வின் ஆவணம். ஆனால் 'சுருக்கம்' என்று அவர் வைத்த பேரில் எது சுருங்கிப்போனது என்று நாம் கேட்கவேண்டும்.

அந்த விடுபட்ட வீட்டை எழுதியவர்கள் பொம்பளைகள்தான்.

'சங்கதி'யை (1994) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வருகிற வெள்ளையம்மா கிழவி பிரசவம் பார்க்கிறவள். யாருக்கு எப்போ வலி கண்டது, எந்தப் பிள்ளை எப்படித் திரும்பிக் கிடந்தது என்று தெருவின் பிறப்புக் கணக்கு அவள் வாயில் இருக்கிறது. நம்ம வீடுகளில் ஜாதகம் ஏது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியார் பையன் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லுவார், தொட்டால் ஜூன் மாசத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு ஒரே பிறந்தநாள். எங்க அப்பத்தாவைக் கேட்டால், "நீயா? பெரிய கம்மா ஒடஞ்ச வருசம், கதிரறுப்புக்கு முந்தி" என்பாள். ரெண்டில் எது சரியான கணக்கு என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளையம்மாவின் புருசன் கங்காணியோடு கண்டிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளின் வயிற்றுக்காகத் தாலியை விற்கிறாள் கிழவி. கல்யாணத்தின் அடையாளம் என்று எந்தக் குடும்பமும் பெட்டியில் வைத்துப் பேரப்பிள்ளைக்குக் காட்டக்கூடிய பொருள் இங்கே சோறாகிவிட்டது. பொருள் போனது, கதை மட்டும் பேத்தியிடம் வந்து சேர்ந்தது. தலித் குடும்பத்தில் பெரும்பாலும் ஞாபகம் இப்படித்தான் கைமாறுகிறது. விற்றது போக, அடகு வைத்து மூழ்கியது போக, குடிசையோடு கொளுத்தப்பட்டது போக, வாயில் மிச்சம் இருப்பது.

அதே 'சங்கதி'யில் வயசுக்கு வந்த பிள்ளைக்குச் செய்கிற சடங்கு வருகிறது. பொம்பளைகள் கூடி, பாட்டுக் கட்டி, குலவை போடுகிறார்கள். களத்துமேட்டிலிருந்து இடுப்பொடிய வந்தவர்கள்தான். இந்த இடத்தைப் படித்து சந்தோசப்படலாமா கூடாதா என்று நம்ம விமர்சகர்களுக்குக் குழப்பம். சடங்கு என்றால் பிற்போக்கு என்று ஒரு கட்சி. தலித் பண்பாட்டின் கொண்டாட்டம் என்று மறுகட்சி. பாமா ரெண்டு பக்கமும் சாயவில்லை. குலவைச் சத்தத்தையும் எழுதுகிறார், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் நடமாட்டம் சுருங்குவதையும், புருசன்மார் அடிக்கிற அடியையும் எழுதுகிறார். இன்றைக்கு நம்ம தெருக்களிலும் சடங்குக்கு ஆளுயர பிளக்ஸ் வைக்கிறோம், மொய் நோட்டுப் போடுகிறோம். ஊர்க்காரன் கண்ணுக்கு முன்னால் நாமும் விசேசம் செய்கிறோம் என்பதில் ஒரு எதிர்ப்பு இருக்கிறது, நான் ஒப்புக்கொள்கிறேன். பிளக்ஸில் இருக்கிற பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்திவிடுகிறபோது அந்த எதிர்ப்பு யாருக்கு எதிராகத் திரும்பியது என்றும் கேட்கத்தான் வேண்டும்.

ஏனென்றால் குடும்ப ஞாபகம் என்பது அப்பனைப் புகழ்கிற வேலையாக எளிதில் மாறிவிடும். சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) இதை அப்போதே உடைத்தது. காத்தமுத்து ஊருக்குத் தலைவர், தலித்துகளுக்காக நிற்கிறவர், வீட்டுக்குள் ரெண்டு பெண்டாட்டியை ஆள்கிற கொடுங்கோலர். மகள் கௌரியின் கண் அதைப் பார்க்கிறது. அன்றைக்குச் சிலர், வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டலாமா என்று கோபப்பட்டார்கள். சிவகாமியோ பிற்பாடு 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொன்றை எழுதி, தன் நாவல் சொன்னதைத் தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். தன் குடும்ப ஞாபகத்தின் மேல் இப்படிக் குறுக்கு விசாரணை நடத்தியவர்கள் தமிழில் எத்தனை பேர்? வம்சப் பெருமை பாடுகிற நாவல்களுக்குப் பரிசு கொடுக்கிற கூட்டம் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

'கருக்கு' வந்தபோது பாமாவின் சொந்த ஊரே கோபப்பட்டது. பல மாதங்கள் அவர் ஊருக்குள் போகமுடியவில்லை. எங்களை ஏன் சந்திக்கு இழுத்தே என்கிற கோபம். அதை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன். எழுதினவருக்குப் புத்தகம், எழுதப்பட்டவர்களுக்கு என்ன? அந்தக் கேள்வி நியாயமானது. பின்னாளில் அதே ஊர் அதைத் தங்கள் புத்தகமாக ஏற்றுக்கொண்டது என்பதும் சேர்ந்ததுதான் கதை.

ஒரே வீட்டில் இருந்து இன்னொருவரும் எழுதினார். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் (1950–2024). அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. அதே புதுப்பட்டி, அதே கோயில், அதே பட்டாளத்து அப்பா. ஆனால் தங்கச்சி 'நான்' என்று எழுதியதை அண்ணன் 'சிலுவை' என்று மூன்றாம் ஆளாக்கிக் கிண்டலடிக்கிறார், முக்கியமாகத் தன்னையே. தங்கச்சியின் பிரதியில் அண்ணன் வழிகாட்டி. படித்து முன்னுக்கு வந்தால்தான் மனுசனாக மதிப்பான் என்று சொல்லிக்கொடுக்கிறவர். அண்ணனின் பிரதியில் அந்த வழிகாட்டி தடுமாறித் திரிகிற ஆள். ரெண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால்தான் அந்த வீடு முழுசாகத் தெரிகிறது. ஆனால் நம்ம ஆய்வேடுகள் பெண்ணியம் என்று ஒன்றை ஒரு அலமாரியிலும், அங்கதம் என்று மற்றதை இன்னொரு அலமாரியிலும் பூட்டிவிட்டன.

கிறிஸ்தவ தலித்துகளுக்கு எழுத்தில் ஒரு குடும்பக் கணக்கு உண்டு. கோயிலில் இருக்கிற ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவேடுகள். பாட்டன் பேரைத் தேடிப் போகிறவனுக்கு அது பெரிய விசயம். பேரைப் பதிந்துகொண்ட அதே திருச்சபைதான் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரையும் வைத்திருந்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொண்டுபோகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம். அரசாங்கம் தன் பங்குக்கு 1950 ஆணையை வைத்து, கிறிஸ்தவன் என்றால் பட்டியல் சாதி இல்லை என்றது. அதனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கே சர்டிபிகேட்டில் வேறு வேறு மதம். இந்தக் காகிதங்களை நம்பிக் குடும்ப வரலாறு எழுதினால் அண்ணனும் தம்பியும் வேறு வேறு குடும்பம் என்றாகிவிடும்.

மறுபடி 'கருக்கு'. கல்லூரி கடைசி வருசத்தில் ஒரு விருந்து. எல்லாரும் பட்டுச்சேலை கட்டி வருகிறார்கள். அவளிடம் கட்டிக்கொள்ள நல்ல சேலை ஒன்றுகூட இல்லை. விருந்து முடியும்வரை குளியலறைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள். தம்பி தங்கச்சியின் நல்லநாளுக்காக அவ்வளவு வாதாடியவள்தான் தன் நல்லநாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விமர்சனக் கட்டுரைகளில் இந்தக் குளியலறை வருகிறது, அந்த லீவுச் சண்டை வருவதில்லை. அவள் ஜெயித்து ஊருக்குப் போன நாளில் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் யார் வந்தார்கள், சின்னதுகளுக்கு என்ன துணி எடுத்தார்கள் என்று பாமாவிடம் யாராவது போய்க் கேட்டு எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.