கண்ணை மூடச் சொல்கிறவர்களுக்கு

அரசுப் பள்ளிக்கூடம், ஆதிதிராவிடர் நல விடுதி, கூர்நோக்கு இல்லம் என்று நம்ம பிள்ளைக எங்கெங்கே இருக்காங்களோ அங்கெல்லாம் இப்போது மனசை அமைதிப்படுத்திக் கொடுக்க ஆள் வருகிறது. தரையில் உட்கார், முதுகை நிமிர்த்து, கண்ணை மூடு, மூச்சைக் கவனி, நடந்ததை விடு, இந்தக் கணத்தில் இரு. இதற்குப் பெயர் மைண்ட்ஃபுல்னஸ். இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் 'ட்ராமா தெரிந்து நடத்துகிற மைண்ட்ஃபுல்னஸ்' என்கிறார்கள். எங்க மல்லாங்கிணறு பக்கம் டிராமா என்றால் அம்மன் கோயில் பொங்கலுக்கு விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணம்தான். இவர்கள் சொல்கிற ட்ராமா வேறு. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் உடம்புக்குள் தங்கிப்போன பயம் அது. இந்தச் சொல்லைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை, நம்மைப் பற்றிய சொல்தான். ஆனால் அதை எவர் எங்கே நின்று சொல்கிறார், எந்தப் பிள்ளையின் கண்ணை மூடச் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

முதலில் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1979இல் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத் தியானத்திலிருந்து புத்தரையும் சங்கத்தையும் கழற்றிவிட்டு, மருத்துவச் சட்டை போட்டு எடுத்துக்கொண்டது அது. பிறகு கம்பெனி, பட்டாளம், பள்ளிக்கூடம் என்று எங்கும் போனது. 2018இல் டேவிட் ட்ரெலீவன் என்பவர் ஒரு புத்தகம் எழுதி எச்சரித்தார்: காயப்பட்டவனைக் கண்ணை மூடி உடம்புக்குள் கவனி என்றால், அவன் அங்கே அமைதியைப் பார்க்காமல் பழைய அடியைப் பார்த்துவிடக்கூடும். 2022இல் பிரிட்டனில் ஓர் ஆய்வின் முடிவு வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மைண்ட்ஃபுல்னஸ் பாடம் வழக்கமான பாடத்தைவிட அவர்கள் மனநலத்துக்குக் கூடுதலாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஏற்கனவே மனச்சிக்கலில் இருந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பாதகமாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே 2018இல்தான் டெல்லி அரசு தன் பள்ளிகளில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடம்' கொண்டுவந்தது. அதுவும் மூச்சைக் கவனிப்பதில்தான் தொடங்கியது.

நம்ம ஊருக்கு இது எந்த வேஷத்தில் வந்தது? 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் மகாவிஷ்ணு என்பவர் மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வந்தார். ஊனமாகவும் ஏழையாகவும் பிறப்பது போன பிறவியின் பாவம் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் சங்கர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். செப்டம்பரில் பேசியவர் கைதானார். மைண்ட்ஃபுல்னஸ் வேறு, இந்த ஆள் வேறு என்று சிலர் சொல்வார்கள். வேறுதான். ஒருவர் போன பிறவியைக் காரணம் சொல்கிறார், இன்னொருவர் உன் மனசின் அலைச்சலைக் காரணம் சொல்கிறார். இரண்டு பேச்சிலும் காரணம் பிள்ளைக்குள்ளேயே இருக்கிறது. தெரு, பஸ், வகுப்பறை, ஊர் எதுவும் காரணமாக இல்லை. முன்வினைக் கோட்பாட்டைப் பற்றி அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் (1957) சொன்னது இதுதான்: ஏழையின் நிலைமைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்ள உதவுகிற கோட்பாடு. மூச்சுப்பயிற்சியும் அந்த வேலையைச் செய்ய முடியும். அதற்குக் காவியும் தேவையில்லை, பிறவியும் தேவையில்லை.

எங்க பக்கத்து விடுதி ஒன்றில், பெயர் வேண்டாம், இப்படி ஒரு வகுப்பு நடந்தது. எட்டாப்பு படிக்கிற பொடியன் ஒருத்தன் மட்டும் கடைசிவரை கண்ணை மூடவே இல்லை. 'கவனக்குறைவு' என்று வந்தவர் எழுதிக்கொண்டார். அப்புறம் நான் கேட்டதற்கு அவன் சொன்னான்: "கண்ண மூடிட்டா எவன் வாரான்னு எப்படிக்கா தெரியும்?"

கவனம் குறைந்தவன் பேசுகிற பேச்சா இது? பஸ்ஸில் எந்த சீட்டு யாருடையது, எந்தக் கையில் என்ன நிறத்துக் கயிறு, எவன் செல்போனில் எந்தப் பாட்டை எதற்காகச் சத்தமாக வைக்கிறான், டீக்கடை முக்கில் எத்தனை வண்டி நிற்கிறது, கபடியில் ஜெயித்தால் எந்த வழியாக வீட்டுக்குப் போக வேண்டும். நம்ம பயக இதையெல்லாம் கவனித்துக்கொண்டேதான் வளர்கிறார்கள். சாதி நம் பிள்ளைகளுக்குக் கவனத்தைப் பாலோடு ஊட்டியிருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது, கவனிக்காமல் நடந்துபோகிற சுதந்திரம். வேற தெருப் பிள்ளைக்கு அது கேட்காமலே கிடைத்திருக்கிறது.

கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. 2011 செப்டம்பரில் கமுதி பக்கம் பள்ளப்பச்சேரியில் 16 வயது தலித் மாணவன் வெட்டிக் கொல்லப்பட்டான். அடுத்த சில நாளில் இமானுவேல் சேகரன் நினைவு தினமான 11ஆம் தேதி, பரமக்குடியில் போலீஸ் சுட்டு நம்ம ஆட்கள் செத்தார்கள். 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. 2025 மார்ச்சில் திருவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் போன பதினோராம் வகுப்பு மாணவனைப் பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின.

நாங்குநேரியில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் என்று பள்ளி கேட்டது. சொன்னான். சொன்னதற்குத்தான் வெட்டு. 'மனசில் இருப்பதைப் பேசு, பாரம் குறையும்' என்கிற மனநலப் பாடம் இந்த இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள், 14417 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் பேசியவனைப் பாதுகாக்க வழி செய்யாமல் பேசச் சொல்வது, ஆயுதமில்லாதவனை முன்னால் தள்ளிவிடுவதுதான். அந்தப் பையன் சொல்வதை எழுத ஆள் வைத்துப் பரீட்சை எழுதி 2024இல் 469 மார்க் வாங்கினான். அதைத் தன்னம்பிக்கைக் கதையாக மேடையில் சொல்கிறார்கள். வெட்டுப்பட்ட கையால் எழுத முடியாமல் போனது என்கிற முதல் பாதியையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான், கூர்நோக்கு இல்லத்துக்குப் போனவர்கள். 'கோபத்தைக் கையாளுதல்' என்று அவர்களுக்கும் பாடம் உண்டு. ஆள் சேர்த்து, அரிவாள் எடுத்து, ராத்திரி வரை காத்திருந்து வருவதற்குக் கோபம் மட்டும் போதாது. நிதானமும் குறி தவறாத கவனமும் வேண்டும். அவர்களுக்கு அமைதியைச் சொல்லிக்கொடுத்து என்ன செய்ய? தன் சாதிப் பெருமையை எந்த வீட்டில், எந்தக் கூட்டத்தில், எந்தப் படத்தில் கற்றுக்கொண்டான் என்று அவனையே கேட்க வைக்கிற பாடம் வேண்டும். அதை நடத்தத்தான் ஆள் வருவதில்லை.

இதற்கு எங்க சீமையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அருப்புக்கோட்டை தாண்டினால் திருச்சுழி. ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர். 1896இல் மதுரையில், 16 வயசில், திடீரென்று சாவு பயம் பிடித்து, பிணம்போலப் படுத்து அந்தப் பயத்தையே உற்றுப் பார்த்ததாக அவர் வரலாறு சொல்கிறது. சில வாரத்தில் திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போய் ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கக் குகையிலும் உட்கார்ந்துவிட்டார். பூச்சி கடித்ததும் தெரியாமல் இருந்த அந்தப் பையனைப் பிறர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த உட்காரும் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். அடுத்த வருசமே, 1897இல், திருச்சுழிக்குப் பக்கத்துக் கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் போனார்கள். சேதுபதி வழக்குப் போட்டார், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் நாடார்கள் தோற்றார்கள். மதுரை மீனாட்சி கோயில் நமக்குத் திறந்தது 1939இல். 1896இல் சாவுபயம் பிடித்த பதினாறு வயசுப் பறையர் வீட்டுப் பையன் ஒருவன் எந்தக் கோயில் மண்டபத்தில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க முடியும்? ஒரு பையனின் பயம் ஞானமானது. நம்ம பையனின் பயம் இப்போதுதான் 'கேஸ்' ஆகியிருக்கிறது. உள்ளே பார்ப்பதற்கும் வெளியே ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்குச் சாதி உண்டு.

அப்படியென்றால் தியானமே நமக்கு ஆகாதா? ஆகும். அது நம்முடையதும்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நாம் யாராக இருந்தோம் என்று வாரா வாரம் நினைவூட்டுவதையே பண்டுவமாகச் செய்தவர் அவர். மைண்ட்ஃபுல்னஸ் என்று இங்கிலீசில் பெயர்த்தார்களே, அதன் பாலி மூலச் சொல் 'சதி'. வேர்ப்பொருள் நினைவு. நினைவைக் குறித்த ஒரு சொல், உலகமெல்லாம் சுற்றி 'நடந்ததை விடு' என்கிற அர்த்தத்தோடு நம்ம விடுதிக்குத் திரும்பி வந்திருக்கிறது! தமிழில் அந்த ஒலிக்கு இருக்கிற அர்த்தமே பொருத்தம் என்று தோன்றுகிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது நாம் கண்டது நினைவின் வேலையைத்தான். பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானத்தைப் பெயர் சொல்லி, இடம் சொல்லிச் சபையில் வைத்தது அந்த எழுத்து. விடு என்று சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் பலருக்கு மூச்சு வந்தது.

தமிழில் இந்தப் பிரச்சனைக்கு மூத்த நூல் மணிமேகலை. ஆபுத்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை. வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதற்காக அந்தணர்கள் அடித்து, இழித்துப் பேசி, ஊரைவிட்டுத் துரத்தினார்கள். இன்றைய கணக்கில் ட்ராமாப் பட்ட சிறுவன். அவன் கையில் கிடைத்தது ஓர் அட்சய பாத்திரம். அது மணிமேகலைக்கு வருகிறது. அவள் முதலில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். பிறகு அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். தருமம் கேட்டு நோன்பு ஏற்பது காப்பியத்தின் கடைசியில். முற்பிறப்பு, ஊழ் எல்லாம் அந்த நூலிலும் இருக்கின்றன, மறைக்க வேண்டாம். ஆனால் பசித்து வந்தவனிடம் உன் வினை என்று சொல்லி அவள் பாத்திரத்தைக் கவிழ்க்கவில்லை. இந்த வரிசையை இன்றைய திட்டங்களோடு வைத்துப் பாருங்கள். 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் விபாசனாவில் உட்கார்ந்தார்கள், உலகமே வியந்தது. பலர் அமைதி பெற்றிருப்பார்கள், மறுக்கவில்லை. சிறை சிறையாகவே இருந்தது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயசுப் பையன் செத்தான். அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் கைதானார்கள். அந்தக் கட்டடத்தில் யாரை உட்காரவைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்வது?

ஆகவே கேட்பது இதுதான். பயிற்சி தர வருகிறவர்கள் கதவைத் திறந்து வையுங்கள். கதவு கண்ணில் படுகிற மாதிரி பிள்ளைகளை உட்காரவிடுங்கள். கண்ணை மூடுவது அவரவர் இஷ்டம், பாதம் தரையில் படுவதைக் கவனித்தாலும் போதும், எழுந்து போக வேண்டுமென்றால் காரணம் கேட்க வேண்டாம். தொட வேண்டாம், கதையைத் தோண்ட வேண்டாம். இது ட்ராமா தெரிந்தவர்களே சொல்கிற முறை. இதோடு சாதி தெரிந்த முறையும் வேண்டும். சொல்லித்தருகிற ஆள் எந்தத் தெரு, அவர் முன்னால் வாய் திறந்தால் செய்தி எங்கே போகும் என்று பிள்ளைக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தோழர்கள் இதைத் தனித்தனியாகக் கேட்காமல் பெற்றோர் கூட்டத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கேட்க வேண்டும்.

அரசிடம் கேட்பதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். நாங்குநேரிக்குப் பிறகு நீதியரசர் சந்துரு 610 பக்க அறிக்கையை 2024 ஜூனில் முதலமைச்சரிடம் கொடுத்தார். கயிறும் சாதிப் பொட்டும் கூடாது, பள்ளியின் பெயரில் சாதி கூடாது, ஆசிரியர்களைக் காலமுறையில் மாற்று, அகர வரிசையில் உட்காரவை என்று எழுதியிருக்கிறார். செங்கல்பட்டுச் சாவுக்குப் பிறகு இல்லங்களைப் பற்றி 2023 நவம்பரில் அவரே கொடுத்த அறிக்கையும் இருக்கிறது. இரண்டையும் வரி வரியாக எடுத்து, எங்க ஒன்றியத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பள்ளிவாரியாகச் சொல்லச் சொல்லுங்கள். மாணவர்கள் அந்தப் பட்டியலைத் தாங்களே எழுதலாம். அதுவும் கவனப் பயிற்சிதான். அதை முடித்துவிட்டு மூச்சுப் பயிற்சிக்கு வாங்க, பாயை நாங்களே விரிச்சுப் போடுறோம்.