விடை நெருக்கம், வழி தவறு

விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறி மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்குபவர், பாதை பல இடங்களில் வளைந்து செல்வதைக் காண்பார். ஆகாயத்தில் தண்டவாளம் இல்லை. ஆகவே விமான தூரத்தைக் கணக்கிடுவது மிக எளிது என்று எண்ணத் தோன்றும். பயிற்சி நூல்கள் சிலவும் இந்த எண்ணத்தையே வளர்க்கின்றன.

அண்மையில் ஒரு மாணவர் அத்தகைய கணக்கு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். சென்னை விமான நிலையம் வடக்கு அட்சம் 12° 59′, கிழக்குத் தீர்க்கம் 80° 10′. மதுரை நிலையம் 9° 50′, 78° 5′. இடைத்தூரம் என்ன? பாகை ஒன்றுக்கு 60 கலை. எனவே அட்ச வேறுபாடு 189 கலை, தீர்க்க வேறுபாடு 125 கலை. கலை ஒன்றுக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. என்று கொண்டு, பிதாகரஸ் தேற்றத்தின்படி 420 கி.மீ. என விடை தந்திருந்தது நூல். மாணவரோ 417 என்று எழுதி, மதிப்பெண் இழந்திருந்தார்.

உண்மையில் மாணவர் செய்ததே சரி. அட்சத்தில் ஒரு கலை எங்கும் ஏறத்தாழ ஒரு கடல் மைலே. தீர்க்கக் கோடுகள் அப்படியல்ல. பூமத்திய ரேகையில் அகன்று நிற்கும் அவை, ஆரஞ்சுச் சுளைகளின் விளிம்புகளைப் போல் நெருங்கி, துருவத்தில் ஒன்றாகின்றன. ஆகவே 125ஐச் சராசரி அட்சத்தின் கோசைனாகிய 0.98ஆல் பெருக்க வேண்டும், 122.5 கிடைக்கும். அந்த மாணவர் இதைத்தான் செய்திருந்தார்.

மூன்று கிலோமீட்டர்தானே, இதற்கு இவ்வளவு வாதமா என்று சிலர் கேட்கலாம். அதே வழியை ஸ்ரீநகர், லே விமான நிலையங்களுக்குப் பயன்படுத்திப் பாருங்கள். அட்ச வேறுபாடு 9 கலை, தீர்க்க வேறுபாடு 167 கலை. நூலின் முறைப்படி 310 கி.மீ. வரும். 34 பாகையில் கோசைன் 0.83 ஆதலால் சரியான தூரம் ஏறத்தாழ 257 கி.மீ.தான். பிழை 53 கி.மீ.! தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் மட்டுமே தவறு மறைந்திருந்தது.

வினாவிலும் ஒரு குறை உண்டு. "விமானம் பறக்கும் தூரம்" என்று கேட்பது பொருந்தாது. விமானம் காற்றை எதிர்த்து எழும்பி, குறித்த வான்வழியில் சென்று, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்குகிறது. ஆகவே பறக்கும் தூரம் கணக்கிட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். "மிகக் குறுகிய தூரம்" என்றே கேட்க வேண்டும். சென்னை–லண்டன் போன்ற நெடுந்தொலைவுக்குக் கோசைன் திருத்தமும் போதாது. கோளத்தின் பெருவட்டத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

மீனம்பாக்கத்தை அடுத்த பரங்கிமலை அருகேதான் 1802இல் லாம்டன் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்தார். ஒரு பாகையின் நீளத்தைக் காண்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. அந்த மண்ணில் படிக்கும் மாணவருக்குப் பூமியைத் தட்டையாக்கிக் கணக்குச் சொல்லித் தரலாமா? அடுத்த பதிப்பில் நூலாசிரியர்கள் இதைத் திருத்த வேண்டும். அதுவரை, விடைத்தாள் திருத்துவோர் விடையோடு வழியையும் பார்ப்பார்களாக.