பொற்கொல்லன் குற்றமும் ஊழும்

மதுரைக் காண்டத்தின் துன்பம் அனைத்தும் பெயர் கூறப்படாத ஒருவன் செய்த களவிலிருந்து விளைகின்றது. அவன் பாண்டியன் அரண்மனைப் பொற்கொல்லன். அவனை ஊழின் கைக்கருவி என ஒரு சொல்லிற் கூறிக் கடந்து செல்லுதல் வழக்கமாய் உள்ளது. ஊழின் வலிமையைக் காட்டுதல் சிலப்பதிகாரத்தின் மூன்று நோக்கங்களுள் ஒன்று என்பதை யாமும் மறுத்திலேம். ஆயினும், ஊழ் ஒன்றே காரணம் எனக் கொள்ளின் அவன் குற்றம் குற்றமாகாது ஒழியும். அடிகள் கருத்து அதுதானோ என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் எட்வின் சதர்லாந்து 1939-இல் ஆற்றிய உரையொன்றில் ‘வெள்ளைச் சட்டைக் குற்றம்’ எனப் பொருள்படும் தொடரை வழங்கினார்; 1949-இல் அப்பெயரால் நூலும் வெளியிட்டார். மதிப்பும் உயர்நிலையும் உடைய ஒருவர் தம் தொழிலின் வாயிலாகச் செய்யும் குற்றமே அவர் குறித்தது. இவ்விளக்கத்தை உளங்கொண்டு கொலைக்களக் காதையை நோக்குவோம்.

பொற்கொல்லன் தோன்றும்போது நூறு கொல்லர் பின்வருகின்றனர். அவன் சட்டை அணிந்துள்ளான். ‘மெய்ப்பை’ என்பது அடிகள் சொல். கையிற் கோல் உளது. வேற்றூரினனாகிய கோவலன் இவ்வடையாளங்களைக் கண்டே, பாண்டியனால் சிறப்புப் பெற்றவன் இவன் எனத் துணிகின்றான், சிலம்பையும் காட்டுகின்றான். சுவரைத் துளைத்துப் புகும் கள்வனிடம் அவன் அதனைக் காட்டியிரான். அமெரிக்க அறிஞர் உருவகமாகக் கொண்ட சட்டை இங்கு மெய்யாகவே மேனியில் உளது. இவ்வொப்புமை தற்செயலானதே. ஆயினும், இரண்டிடத்தும் குற்றத்திற்குத் துணையாவது பிறர் வைத்த நம்பிக்கையே.

அடுத்து, அவன் செய்தவற்றை முறையே காண்போம். கோப்பெருந்தேவியின் சிலம்பை முன்னரே கவர்ந்தவன், அது வெளிப்படுமுன் பழியை இப்புதியவன்மேல் ஏற்றலாம் என எண்ணுகின்றான். கோவலனை இருக்கச் செய்து அரசனிடம் விரைகின்றான். தேவியின் ஊடல் தணிக்கச் செல்லும் அரசன், ஆராயாது ஆணையிடுகின்றான். காவலர் கோவலனின் தோற்றங்கண்டு ஐயுறுகின்றனர்; அப்போது கள்வர்க்குத் துணையாவன எட்டு எனக் களவு நூற்பொருளை விரித்துரைத்து அவ்வையத்தை அகற்றுகின்றான். பதவி, அறிவு, நாவன்மை ஆகிய மூன்றும் ஒரு பொய்க்கு ஏவல் செய்கின்றன. ஒவ்வோரிடத்தும் அவன் நின்றிருக்கலாம், நின்றிலன். அரசன் தேராமைக்கு வினை விளையும் காலத்தைக் காரணங்கூறும் அடிகள், பொற்கொல்லன் எண்ணத்திற்கு அவ்வாறு காரணங்கூறிற்றிலர். அவன் எண்ணம் அவனுடையதே என்பது எம் துணிபு.

இனி, அதன் பயனை யார் நுகர்ந்தனர்? கோவலன் வெட்டுண்டான். பாண்டியன் தன்னையே கள்வன் என்று கூறி உயிர் நீத்தான். தேவியும் உடன் மாய்ந்தாள். அடைக்கலம் ஏற்ற மாதரி தீயிற் புகுந்தாள். அடைக்கலம் அளித்த கவுந்தி உண்ணாது உயிர் விட்டார். புகாரில் இருவர் தாயரும் இறந்தனர்; மாசாத்துவான் பௌத்தத் துறவும், மாநாய்கன் ஆசீவகத் துறவும் மேற்கொண்டனர்; மாதவியும் துறந்தாள். மாதரியும் கவுந்தியும் பிழை செய்தவர் அல்லர். எனினும், தம்மை நம்பி வந்தவர்க்கு நேர்ந்ததைத் தம் பழியாகவே கொண்டனர். பழிக்கு உரியவனோ ஒரு சொல்லும் வருந்திக் கூறக் காண்கிலோம். அவன் முடிவும் தனியே கூறப்படவில்லை. நம்பிக்கையைக் காத்தவர் மாய, அதனை விற்றவன் கதையினின்றும் நழுவி மறைகின்றான்.

அவன் தொழிலினரோ தப்பிற்றிலர். நெடுஞ்செழியனுக்குப் பின் ஆண்ட வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைப் பத்தினிக்குப் பலியிட்டான் என உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் கூறும். அவருள் அக்களவை அறிந்தவர் எத்துணையர்? நூல் கூறவில்லை, அரசன் வினவியதாகவும் இல்லை. இதனைச் சாந்தி எனக் கூறி அமைதல் எமக்கு உடன்பாடன்று. ஒருவனைத் தேராது கொன்ற பிழைக்கு, ஆயிரவரைத் தேராது கொன்று கழுவாய் தேடியவாறாயிற்று. ஒருவன் தன் தொழிலின் நம்பிக்கையைக் கெடுப்பின், அத்தொழில் செய்வார் அனைவரும் ஐயத்திற்கு உரியராவர் என்னும் கொடிய உண்மையும் இதனாற் புலனாகும்.

அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதைக் காட்ட எழுந்த காப்பியத்தில், தேராமையே பெரும்பிழையாக நிற்கின்றது. பொற்கொல்லன் குற்றத்தை ஊழின்மேல் ஏற்றி அமைவோமாயின், நாமும் தேராது ஒழிந்தவர் ஆவோம்.